நியூட்டன் தேவாலயமும் வாசலில் நின்ற பிள்ளைகளும்

ஒக்லாந்து நகர மையத்துக்குத் தெற்கே, மேட்டின் முதுகில் நீண்டு செல்லும் கரங்கஹாப்பே வீதியிலிருந்து பிரிந்து போகின்றது எடின்பரோ வீதி. அவ்வீதியில் பசுபிக் தீவு மக்களின் தேவாலயம் ஒன்று உண்டு. நியூட்டன் தேவாலயம் என்றே நகரத்தார் அதனை அழைக்கின்றனர். ஒருகாலத்தில் இதனைச் சுற்றி வாடகை வீடுகள் நெருங்கி நின்றன. 1960களிலும் 70களிலும் நெடுஞ்சாலை அமைப்பதற்காக அரசு அவற்றுட் பெரும்பகுதியை இடித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தென் ஒக்லாந்தின் ஓட்டாராவுக்கும் மாங்கரேக்கும் பெயர்ந்தன. தேவாலயம் மட்டும் பெயரவில்லை. சபையாரிற் பலர் தெற்கிலிருந்து மீண்டும் நகரத்துக்கு வந்தே ஞாயிறு ஆராதனையிற் கலந்துகொண்டனர்.

புலம்பெயர்ந்து வந்து, பிள்ளைகளை அந்நிய வீதிகளில் வளர்க்கும் எம்மவர்க்கு இந்தத் தேவாலயத்தின் வரலாறு வேற்றார் கதையன்று. எமக்கு நாற்பது ஆண்டுகள் முன்னதாகவே இந்நகருக்கு வந்தவர்கள் எதைச் சரியாகச் செய்தார்கள், எதைத் தம் பிள்ளைகளே செய்துகொள்ளுமாறு விட்டுவிட்டார்கள் என்பதை இதிற் காணலாம்.

ஊரை இறக்கி வைத்த இடம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சமோவா, நியுவே, குக் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து தொழில் தேடி வந்த சிறு தொகையினர், நகரின் பெரெஸ்போர்ட் வீதித் தேவாலயத்தில் ஒன்றுகூடி வந்தனர். 1947இல் அவர்கள் தமக்கெனத் தனிச் சபையொன்றை நிறுவினர். குக் தீவுகளில் மிஷனரியாகப் பணியாற்றிய றொபேர்ட் சாலிஸ் அதன் முதற் போதகரானார். அவரை அத்தீவுகளுக்கு அனுப்பியது இலண்டன் மிஷனரி சங்கம். நாகர்கோவிற் பகுதியிற் பள்ளிகளும் அச்சகமும் நிறுவிய அதே சங்கந்தான். யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரும் ஏறத்தாழ அதே சபை மரபினரே. வட்டுக்கோட்டையையும் உடுவிலையும் அறிந்த எம்மவர்க்கு, சபையும் பள்ளியும் ஒரே வளவில் நிற்கும் காட்சி புதிதன்று.

ஒரே கூரையின் கீழ் சமோவ மொழி, நியுவே மொழி, குக் தீவு மாவோரி, ரொக்கெலாவ் மொழி என்று பல மொழிகளில் ஆராதனை நடந்தது. வேலை எங்குண்டு, வாடகைக்கு வீடு தருவோர் யார், ஆங்கிலக் கடிதத்தின் பொருள் என்ன என்பனவெல்லாம் ஆராதனை முடிந்த பின் வாசற்படியிற் பேசப்பட்டன. 1969இல் இச்சபை நியூசிலாந்துப் பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையுடன் இணைந்தது. பின்னர் நாட்டின் பல நகரங்களிற் தோன்றிய தீவு மக்களின் சபைகளுக்கு இதுவே தாய்ச்சபை என்று சொல்லப்படுகின்றது.

அக்கால நியூசிலாந்தின் தொழிற்சாலைகளுக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் ஆள் வேண்டியிருந்தது. தீவுகளிலிருந்து வந்தவர்கள் இரவுப் பணி, இரட்டைப் பணி எனப் பாராது உழைத்தனர். தாய் தந்தையர் இருவரும் வேலைக்குப் போயினர். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், சபைக்குக் காணிக்கை செலுத்த வேண்டும், கடன் அடைக்க வேண்டும். இந்தக் கணக்கு எம் வீடுகளுக்கு அறிமுகமானதுதான். அவர்கள் சபைக்கென்று செலவிட்ட இடத்தில் நாம் வேறு சிலவற்றை எழுதிக்கொள்கின்றோம், அவ்வளவே.

அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. அக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிறு சமோவக் குடும்பங்களுக்குச் சிறுவர் திருநாள். வெள்ளை ஞாயிறு என்பது அதன் பெயர். அன்று பிள்ளைகள் வெண்ணிற ஆடை அணிந்து ஆராதனையைத் தாமே நடத்துவர், மனனம் செய்த வேத வசனங்களை ஒப்புவிப்பர், நாடகம் நடிப்பர். வீட்டிலும் அன்று பிள்ளைகளுக்கே முதற் பந்தி. மற்றை நாட்களிற் பெரியோர் உண்ட பின்னரே சிறியோர் உண்பது அவர்களது மரபு. அழகிய வழக்கந்தான். எனினும், ஆண்டில் ஒருநாள் பிள்ளைகள் பேசப் பெரியோர் கேட்டனர் என்றால், எஞ்சிய நாட்களில் அவர்கள் யாரிடம் பேசினார்கள் என்ற வினாவும் உடன் எழுகின்றது. எமது கலைவிழா மேடைகளைப் பார்க்கும்போதும் இவ்வினா எமக்கு எழுவதுண்டு.

மாலை வகுப்பும் சிறைக்குச் சென்ற பேருந்தும்

நியூட்டனை அடுத்துள்ள பொன்சன்பி இன்று வசதி படைத்தோர் வாழும் பகுதி. 1970களின் தொடக்கத்தில் அது தீவு மக்களின் குடியிருப்பு. அங்கு வளர்ந்த பிள்ளைகள் பள்ளியிற் பின்தங்கினர். வீட்டில் இருந்து படிக்க இடமில்லை. ஆங்கிலப் பாடத்தை விளக்கப் பெற்றோர்க்கு இயலவில்லை. பெற்றோரின் தாய்மொழியிற் சரளமாகப் பேசப் பிள்ளைகளுக்கும் இயலவில்லை. தெருமூலையிற் கூடி நின்றவர்களைப் பொலிசார் கலைத்தனர். எதிர்த்துப் பேசியவர்களைக் கைது செய்தனர். தெருக் கும்பல்கள் உருவாயின.

1971 ஜூன் 16ஆம் நாள் இந்த இளைஞர்களுட் சிலர் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பிளாக் பந்தர் இயக்கத்தைப் பின்பற்றி அதற்குப் பொலினேசியன் பந்தர்ஸ் என்று பெயரிட்டனர். வில் இலோலாஹியா அவர்களுள் ஒருவர். இருபது வயதை எட்டாதவர்களே பலர். பெற்றோர் பலருக்கு இவர்களது சடைத்த முடியும் கறுப்புத் தொப்பியும் உரத்த பேச்சும் உவப்பாயில்லை. விருந்தினராய் வந்த நாட்டில் தலை குனிந்து நடக்க வேண்டும் என்பது அவர்தம் எண்ணம்.

இந்த இளைஞர் செய்தவற்றைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஊர்வலம் போயினர், கோஷமிட்டனர் என்பதோடு பலர் இவர்களது கதையை முடித்துவிடுகின்றனர். இவர்களோ முதலிற் தொடங்கியவற்றுள் ஒன்று வீட்டுப்பாட நிலையம். பள்ளி விட்டு வரும் சிறுவரை மாலையில் ஓரிடத்தில் இருத்தி, மூத்த மாணவரும் பல்கலைக்கழகத்தாரும் அருகிருந்து கற்பித்தனர். வாடகைக்காரரின் உரிமைக்காக வீட்டு உரிமையாளரிடம் பேசினர். உணவுப் பொருட்களை மொத்தமாக வாங்கிப் பகிரும் கூட்டுறவை நடத்தினர். நகருக்கு வெளியே பரெமொரெமோவில் உள்ள சிறைச்சாலைக்கு, உறவினரைப் பார்க்கச் செல்வோர்க்காக வாகனம் ஓட்டினர். பொலிசார் தடுத்து நிறுத்தினால் ஒருவர்க்கு உள்ள உரிமைகள் யாவை என்பதை விளக்கும் சிறு கைநூலையும் வெளியிட்டனர்.

அக்கைநூலை ஆக்க உதவியவர் டேவிட் லாங்கே என்னும் இளம் சட்டத்தரணி. ஓட்டாஹூஹூவிற் பிறந்தவர், மெதடிஸ்த திருச்சபையிற் பிரசங்கம் செய்த பொதுநிலையாளர். இளமையில் இலண்டன் சென்றபோது, அங்கு ஏழை எளியோர்க்குத் தொண்டாற்றிய மேற்கு இலண்டன் மிஷனில், டொனால்ட் சோப்பர் என்ற போதகரோடு இருந்து பணி பயின்றவர். 1977இல் மாங்கரேயின் பாராளுமன்ற உறுப்பினராகி, 1984 முதல் 1989 வரை நாட்டின் பிரதமராகவும் இருந்தார். போதகம் செய்வோர் நீதிமன்ற வாசலுக்கும் வரவேண்டும் என்பதற்கு இவரினும் நல்ல சாட்சி எமக்குத் தெரியவில்லை.

விடியற்காலையிற் தட்டப்பட்ட கதவுகள்

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தது. பிரித்தானியா ஐரோப்பியப் பொதுச் சந்தையிற் சேர்ந்தது. நியூசிலாந்தின் பொருளாதாரம் தளர்ந்தது. முன்னர் வருக வருக என்று அழைக்கப்பட்ட தொழிலாளர், விசாக் காலம் கடந்து தங்கியோர் எனத் தேடப்படலாயினர். 1974இலும், பின்னர் 1976இலும், விடிவதற்கு முன்னரே பொலிசாரும் குடிவரவு அதிகாரிகளும் நாய்களோடு வந்து வீடுகளைச் சோதித்தனர். 1976 அக்டோபரில் தெருவிற் செல்வோரையும் நிறுத்தி அனுமதிப் பத்திரம் கேட்டனர். தோலின் நிறமே அதிகாரிகளுக்கு அடையாளமாயிற்று. இந்நாட்டின் ஆதிக்குடிகளான மாவோரியரும் நிறுத்தப்பட்டனர்.

1980களின் நடுப்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு உண்மையை எடுத்துக் காட்டியது. காலம் கடந்து தங்கியோரிற் பசுபிக் தீவினர் மூன்றிலொரு பங்கினர் மட்டுமே. வழக்குத் தொடரப்பட்டோரிலோ அவர்கள் நூற்றுக்கு 86 பேர். அமெரிக்காவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் வந்து தங்கியோரின் கதவை விடியற்காலையில் எவரும் தட்டவில்லை.

பத்திரம் இல்லாத தந்தை, பள்ளி செல்லும் மகன் முன் நடுங்கி நின்ற காட்சியை அப்பிள்ளைகள் மறக்கவில்லை. தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருக்கும் எம் குடும்பங்களிலும் இதற்கு ஒப்பான ஒன்று நிகழ்கின்றது. அதிகாரியின் கடிதத்தைப் பன்னிரண்டு வயது மகள் வாசித்துச் சொல்கின்றாள். தாய் அவள் முகத்தைப் பார்த்து இருக்கின்றாள். வீட்டிற் பெரியவர் யார் என்பது அந்த நிமிடத்தில் மாறிவிடுகின்றது. பின்னர் அப்பெண் இரவில் எங்கு போகின்றாள் என்று கேட்கும் துணிவு பெற்றோர்க்குக் குறைந்துபோகின்றது. பெற்றோரின் கையாலாகாமை என்று இதனைச் சொல்வது நீதியன்று. அச்சம் வீட்டுக்குட் புகுந்தால் முதலிற் கெடுவது தாய் தந்தையரின் சொல்லுக்குள்ள மதிப்புத்தான்.

2021 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஒக்லாந்து நகர மண்டபத்தில் அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டேர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். சமோவ மரபின்படி பிழை செய்தவர் தலைமேற் பாய் போர்த்தி அமர்ந்திருக்க, பாதிக்கப்பட்டோர் அப்பாயை நீக்குவர். பிரதமரும் அவ்வாறு அமர்ந்தார். பசுபிக் இளையோரின் கல்விக்கும் தொழிற் பயிற்சிக்கும் 21 இலட்சம் டொலர் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. தலைநரைத்த பந்தர்கள் பள்ளிகளுக்குச் சென்று இந்த வரலாற்றைச் சொல்லியும் வருகின்றனர்.

ராண்ட்விக் பார்க்கில் நிகழ்ந்தது

நெடுஞ்சாலையும் வாடகை உயர்வும் மக்களைத் தெற்கே தள்ளியதைச் சொன்னோம். தள்ளப்பட்ட இடத்திற் சிக்கல்களும் கூடவே குடியேறின. 2008 ஜூன் 7ஆம் நாள் மாலை, மனுரேவாவின் ராண்ட்விக் பார்க் பகுதியில் மதுக்கடை வைத்திருந்த நவ்தேஜ் சிங் என்னும் இந்தியர், கொள்ளையிட வந்த இளைஞர் கும்பலாற் சுடப்பட்டார். மறுநாள் இறந்தார். வயது முப்பது, மூன்று பெண் குழந்தைகளின் தந்தை. பொலிசார் இடத்தைப் பாதுகாப்பானதென அறிவிக்கும் வரை அம்புலன்ஸ் வெளியே காத்திருக்க நேர்ந்தது. இந்தத் தாமதம் பின்னர் உத்தியோகபூர்வ விசாரணையிலும் கண்டிக்கப்பட்டது.

அதே மாதத்தில் தென் ஒக்லாந்தில் ஆசிய நாட்டவர் வேறு சிலரும் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் ஆயிரக்கணக்கான ஆசிய மக்கள் ஊர்வலம் சென்று கடுந்தண்டனை வேண்டுமெனக் கோரினர். அவர்களது கோபம் எமக்குப் புரிகின்றது. மூலைக்கடை முகப்பிற் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்களுள் எம்மவரும் உளர். 2022ஆம் ஆண்டளவில், திருடிய காரால் கடை முகப்பை மோதி உடைத்துக் கொள்ளையிடும் செயல்கள் பெருகியபோது, பிடிபட்டோரிற் பெரும்பாலோர் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் என்ற செய்தியை வாசித்த கடைக்காரர்க்குக் கருணை உடனே பிறந்துவிடாது.

எனினும் ராண்ட்விக் பார்க்கில் வேறொன்றும் நடந்தது. ஏர்பன் நெய்பர்ஸ் ஒஃப் ஹோப் என்பது மெல்பேணிற் தோன்றிய கிறிஸ்தவக் குழு. ஏழைகள் வாழும் தெருவில் தாமும் வீடெடுத்துக் குடியிருந்தே பணி செய்ய வேண்டும் என்பது அதன் நெறி. அதன் அங்கத்தவர் ராண்ட்விக் பார்க்கிலும் குடியேறினர். தொண்டு முடித்து மாலையில் நல்ல புறநகருக்குக் காரிற் திரும்பும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அவர்களது பிள்ளைகளும் அதே பள்ளிக்குச் சென்றனர். அவர்களது வேலியிலும் கிறுக்கல் எழுதப்பட்டது. அயலாரோடு சேர்ந்து குடியிருப்பாளர் சங்கத்தை வலுப்படுத்தினர். இளையோர்க்குத் தலைமைப் பயிற்சி அளித்தனர். கொலை நிகழ்ந்த அதே றிவர்ட்டன் சாலையோரத்தில் பின்னாளிற் சமூக நிலையம் ஒன்று எழுந்தது. மனு டுக்குடுக்கு என்பது அதன் பெயர். மாவோரி மொழியிற் பட்டம் என்று பொருள். வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றிய கைகளுக்கு இப்பெயர் பிடிக்கும்.

இத்தகைய பணியின் உள்ளடக்கம் வெளியிலிருந்து பார்ப்போர்க்கு மிகச் சிறியதாகத் தோன்றும். இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன், பதினான்கு வயதுச் சிறுவனோடு வாரம் ஒருமுறை பந்து விளையாடுகின்றான்; பள்ளியிற் சண்டை என்றால் அதிபரைப் பார்க்க உடன் போகின்றான்; சாரதி அனுமதிப் பத்திரம் பெற வண்டியோட்டப் பழக்குகின்றான்; இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி அழைத்தால் எடுக்கின்றான். வேதம் படிப்பிப்பது அதற்குப் பின்னரே, அதுவும் சிறுவன் கேட்டால். நற்செய்திக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் தூண்டிலாக இதனைச் செய்வோரும் உண்டு. அவர்களைச் சிறுவர் விரைவில் இனங்கண்டு விலகிவிடுகின்றனர். பல ஆண்டுகள் ஒரே தெருவில் இருந்தவர்களைத்தான் நம்புகின்றனர்.

சட்டம் தரும் இடம்

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை இங்கு சொல்லியாக வேண்டும். நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குற்றம் செய்த இளையோரின் வழக்கிற் குடும்பத்துக்கு இடம் கொடுத்தது. குடும்பக் கூட்டம் என்ற அமர்வில் இளையவரும் அவரது உறவினரும் பொலிஸ் பிரதிநிதியும், விரும்பினால் பாதிக்கப்பட்டவரும், ஒன்றாக இருந்து இழப்பை எவ்வாறு ஈடுசெய்வது என்று தீர்மானிப்பர். மாவோரியரின் குடும்ப மரபிலிருந்து பிறந்த முறை இது. 2010இல் மாங்கரேயில் தொடங்கிய பசிபிக்கா இளையோர் நீதிமன்றத்தில் நீதிபதியோடு தீவுச் சமூகத்துப் பெரியோரும் அமர்ந்து, பிள்ளையின் குடும்பத்தையும் ஊரையும் விசாரித்துப் பேசுகின்றனர்.

எம்மவர் வீடுகளில் மகன் பிடிபட்டால் முதலிற் செய்வது செய்தியை மறைப்பது. உறவினர் அறியக்கூடாது, கோயிலிற் தெரியக்கூடாது, ஊருக்குப் போகக்கூடாது. குடும்பக் கூட்டத்துக்குத் தகப்பன் மட்டும் தலைகுனிந்து செல்கின்றார். அங்கே வெற்று நாற்காலிகள் கிடக்கின்றன. மாமன், சித்தப்பன், தமிழாசிரியர், போதகர், மொழிபெயர்ப்பாளர் என்று அந்தப் பிள்ளைக்காகப் பேச இருப்போரையெல்லாம் அழைத்துச் செல்லலாம், செல்லவும் வேண்டும். அகதி அந்தஸ்து விண்ணப்பம் நிலுவையில் உள்ள குடும்பத்தார், அதே நாளிற் தம் சட்டத்தரணிக்கும் அறிவிப்பது நல்லது.

எமது மண்டபங்கள்

நியூசிலாந்துத் திருச்சபைகள் அகதிகளுக்கு அறிமுகமற்றவை அல்ல. இந்தோசீன அகதிகள் வந்த 1970களின் பிற்பகுதியில், திருச்சபைகள் கூடி அமைத்த ஆணைக்குழுவொன்றே குடும்பங்களைப் பொறுப்பேற்கும் சபைகளைத் தேடிக் கொடுத்தது. இன்று ஆண்டுக்கு 1,500 பேருக்கு உள்ள ஒதுக்கீட்டில் வருவோர்க்கு மாங்கரே நிலையத்திற் சில வாரப் பயிற்சி கிடைக்கின்றது. தாமாக வந்து தஞ்சம் கோருவோர்க்கு அந்த வரவேற்பு இல்லை. தனியே வந்த இளைஞனுக்கு முதலில் அறிமுகமாவது பெரும்பாலும் ஒரு சமையலறை வேலையும் பங்கிட்ட அறையுமே. சபையும் கோயிலும் அவனைத் தேடிச் செல்லாவிடில் அவன் அவற்றைத் தேடி வருவான் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

எம்மவர் இதில் விலகி நிற்க முடியாது என்பதற்கு ரொறன்ரோ சான்று. 1990களில் அங்கு தமிழ் இளைஞர் கும்பல்கள் தெருவில் மோதிக்கொண்டன, உயிர்கள் போயின. செய்தித்தாள்கள் எமது இனம் முழுவதையும் அக்கும்பல்களின் பெயராலே அழைத்தன. 1990களின் இறுதியில் கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி நிலையம் தோன்றியது. அதனைத் தொடங்கியவர்கள் இளைஞர்களே. பொன்சன்பியில் நடந்தது போலவே. இரு நகரங்களிலும் பெரியோர் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் பணம் சேர்த்துக்கொண்டிருந்த வேளையில், தம்பிமாரைக் கவனிக்க அண்ணன்மாரே புறப்பட்டனர்.

ஒக்லாந்திற் தமிழருக்குக் கோயில்கள் உள. தமிழ் ஆராதனை நடக்கும் சபைகள் உள. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் உள. வெள்ளியும் ஞாயிறும் அவ்விடங்களிற் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அவற்றின் கதவு பூட்டியிருக்கின்றது. பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டில் யாருமில்லாமற் தனித்திருப்பதும் அந்த நான்கு மணிக்குத்தான்.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. பாடம் சொல்லித் தரப் பல்கலைக்கழகத்திற் படிக்கும் எம் பிள்ளைகள் இருக்கின்றனர். தேநீருக்கும் பாணுக்கும் ஆகும் செலவு ஒரு பூசை உபயத்திலும் குறைவு. சைவர், கிறிஸ்தவர் என்று இதற்கு இரு மண்டபங்கள் வேண்டும் என்று எவரும் வாதிடமாட்டார் என நம்புகின்றோம். சிறுவரோடு பழகும் ஒவ்வொருவரும் பொலிஸ் நற்சான்றுச் சோதனைக்கு உட்பட வேண்டும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடிய அறையிற் தனித்திருத்தல் கூடாது. இவ்விரு விதிகளையும் முதல் நாளிலேயே எழுதி ஒட்டிவிடல் வேண்டும். நற்சான்று வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். ஆதலால் அடுத்த பாடசாலைத் தவணையிற் கதவைத் திறக்க விரும்புவோர் விண்ணப்பத்தை இப்போதே அனுப்ப வேண்டும். மண்டபத் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதைத் தீர்மானிக்க நிர்வாகக் குழு ஒருமுறை கூடினாற் போதும்.